குறிப்புக் கட்டம்

பதினொரு வருடத் தேனை
ஒரே பக்கத்துக்குள் அடக்கச் சொன்னார்கள்.
பாலிக் புலாவ் கூட்டுறவுக் கடையின் மாடி அறை.
காற்றாடி மூன்றாம் வேகத்தில் மட்டும்தான் சுற்றும்;
அதனால் ஒவ்வொரு தாளின் மேலும் ஒரு தேன்பாட்டில்.

முதல் வருடம் நாற்பத்திரண்டு கிலோ.
ஹம்டான் வீட்டுப் பின்புறம் ஆறு மரத்துண்டு,
சூன் ஹுவாட்டின் டுரியான் மேட்டில் ஒன்பது.
அடுத்த வருடம் எழுபது.
பெட்டிக்குக் கடன் கொடுத்த வருடம் இருநூற்று முப்பது.
கொடிமலை ரயில்போல
நிதானமாக ஏறிக்கொண்டிருந்த கோடு
ஆறாம் வருடம்
யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டதுபோல் விழுகிறது.

மழை என்று போட்டுவிடு, என்றார் மேலாளர்.
மழைக்கு என்ன,
எந்தக் குற்றத்தையும் மறுத்துப் பேசாது.

இந்தத் தேன் புளிக்கும்.
கெட்டுப்போனது என்று திருப்பிக் கொண்டுவருகிறவர்களுக்கு
வாரம் இரண்டு முறை விளக்கம் சொல்கிறேன்.
இந்தத் தேனீக்குக் கொட்டத் தெரியாது.
கெலுலுட் என்பார்கள் இங்கே;
நம் பேச்சில் கொசுத்தேனீ.
அட்டவணையின் தலையில் அதைத் தட்டச்சு செய்தபோதுதான்
கண்ணில் பட்டது:
பெயரின் முன்வாசலிலேயே கொசு உட்கார்ந்திருக்கிறது.

என் தம்பி மணிவாசகன்
நகராண்மைக் கழகத்தில் புகையடிக்கிறவன்.
அந்தி நேரம், தோளில் இயந்திரம்,
கம்போங் சந்துகளில் வெள்ளையாய் நகரும் சத்தம்.
மூன்று முறை துவைத்தாலும்
அவன் சட்டையில் டீசல் மிச்சமிருக்கும்.
புகைக்குத் தமிழ் தெரியாது.
கொசு என்று எழுதியிருந்தால்
மீதியைப் படிக்காது.

வருமானவரிக்கென்று பிஸ்கட் டின்னில்
அவன் போட்டுவைத்த சம்பளச்சீட்டுகளை
ஒரு ஞாயிற்றுக்கிழமை
என் அட்டவணைக்குப் பக்கத்தில் பரப்பினேன்.
ஓவர்டைம் ஏறிய மாதத்துக்கு அடுத்த மாதம்
தேன் இறங்கியிருந்தது.
எல்லா மாதமும் அப்படியில்லை, பொய் சொல்லக் கூடாது.
ஒன்பதாம் வருடம் மார்ச்சில் புகையும் இல்லை,
தேனும் இல்லை.
அங்கே மழைதானோ என்னவோ.

ஆறாம் வருடத்தில் இன்னொரு கோடும் இருந்தது.
தம்பி மகள் யாழ்மதிக்கு டெங்கி.
கட்டிலின் கால்மாட்டில் தாள் தொங்கும்,
ரத்தத் தட்டணுக் கணக்கு:
நூற்றிருபது, எழுபது, முப்பத்தொன்று.
தாதி வந்து ஊசிக்குழாயைத் தூக்கும்போதெல்லாம்
அடுத்த எண்ணை அவள் வாயிலிருந்தே பிடுங்கப் பார்ப்போம்.
முப்பத்தொன்று, இருபத்தாறு, இருபத்தாறு,
நாற்பது.
அந்தக் கோடு திரும்பி ஏறும்வரை
தேனைப் பற்றி நினைக்கவில்லை நான்.
அந்த வாரம் எங்கள் சந்தில் அவனே புகையடித்தான்,
இரண்டு மடங்கு.

பிறகு எப்போதோ தொடங்கியது இது.
சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டே
வேறு பேச்சுபோலச் சொல்வான்:
வியாழக்கிழமை ஆற்றோரம்.
நான் மறுநாள் கணக்கு முடிக்க வரும் ஹம்டானிடம்
சில்லறையை எண்ணிக்கொண்டே சொல்வேன்:
வியாழக்கிழமை ஆற்றோரம்.
அவர் சூன் ஹுவாட்டுக்கு எப்படிச் சொல்கிறாரோ தெரியாது.
அன்று மாலை, தேனீக்கள் வீடு திரும்பிய பின்,
பெட்டி வாய்கள் எல்லாவற்றிலும் ஈரச்சாக்கு.
விடிந்து வெயில் வந்ததும் அவிழ்ப்பது.

பத்தாம் வருடம் கோடு மறுபடி ஏறுகிறது.
விற்பனைத் திட்டம் பலன் தந்தது என்று
கூட்டத்தில் மேலாளர் பேசினார், கைதட்டினோம்.

குறிப்புக் கட்டம்
இருபது எழுத்துக்கு மேல் வாங்காது.
ஆறாம் வருடத்துக்கு நேரே
மழை என்று போட்டேன். தம்பியின் சம்பளம் அது.
பத்தாம் வருடத்துக்கு நேரே
கொஞ்ச நேரம் விரல் நின்றது.
ஈரச்சாக்கு.
ஆறு எழுத்து. இடம் மிச்சமிருக்கிறது.
என்ன இது என்று கேட்டால்
அப்போது பார்த்துக்கொள்ளலாம்.