ஒன்பதாவது அஞ்சல்

பர்கூர் கிரானைட் ஆபீஸ். சனி ராத்திரி.
பழைய சர்வரைத் திறந்தால்
விசிறி முழுக்கக் கல்மாவு.
பதினோரு வருஷம்
கட்டிங் மிஷினோடு சேர்ந்து மூச்சு வாங்கியிருக்கிறது.

புதுசுக்கு எல்லாம் போகிறது:
இத்தாலிக்காரனின் பாக்கி,
மாதப்பன் சாரின் நாலாயிரம் குட்மார்னிங்.
எழுபது சதவீதத்தில் கரண்ட் போச்சு.
யூபிஎஸ் கத்த,
செல்போன் வெளிச்சத்தில் டீயை நீட்டினார்
வாட்ச்மேன் திம்மராயன்.

மூன்று மணிக்குத்தான் கண்ணில் பட்டது
போகாமலே தேங்கிக் கிடந்த வரிசை.
ஒன்பதாவது என்னுடையது.
பொருள்: ராஜினாமா.
பதிலே போடவில்லையென்று
முதலாளியின் முகம் பார்க்காமல்
ஆறு மாசம் வேலை செய்தேனே, அது.

அனுப்பவா, அழிக்கவா? கேட்கிறது புதுசு.

மேலிருந்த எட்டும் காலாவதியான கொட்டேஷன்.
அழித்தேன்.
ஒன்பதில் ஒரு சந்திப்பிழை.
டீ ஆறிக்கொண்டிருக்கிறது,
திருத்திக்கொண்டிருக்கிறேன்.