வராத வரி

ஆடிக் காற்று கணவாய் வழியே இறங்கும்போது
பணகுடியில் யாரும் குடை விரிப்பதில்லை.
வங்கிக்கு மேலே, இரண்டாம் மாடியில்,
அதிரும் ஜன்னலுக்குக் காகிதம் மடித்துச் செருகிவிட்டு
இருநூற்றுப் பன்னிரண்டு காற்றாலைகள் பேசுவதைக் கேட்பது
என் வேலை.

பத்து நொடிக்கு ஒருமுறை ஒவ்வொன்றும் பேசும்:
வேகம், சூடு, இறக்கையின் கோணம்,
எண்ணெய் அழுத்தம், பிறகு
எதற்கென்று எவருக்கும் தெரியாத ஏழெட்டு எண்கள்.
எல்லாம் போய்ச் சேர்வது மும்பையில்
நாங்கள் வாடகைக்கு எடுத்த மேகத்தில்.
மழை பெய்யாது. பில் பெய்யும்.

ஆனி மாத பில்லைப் பார்த்த சொர்ணபாண்டி சார்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.
"வரிக்கு வரி போடுதானுவ, செலஸ்டி.
எதையாவது வாங்கி இதைச் சுருக்கு."

மூன்று கருவி. மூன்று வாரம் வெள்ளோட்டம்.
முதலாவதற்கு நான் வைத்த பெயர் பெருந்தீனி:
போட்டதையெல்லாம் தின்னும், கேட்டதைத் தேடித் தரும்,
தின்றதை எடை போட்டுக் காசு கேட்கும்.
இரண்டாவது ஓசி.
நாமே குளிப்பாட்டி, நாமே சோறூட்டி,
நடுராத்திரி விழுந்தால் நாமே தூக்கி நிறுத்தணும்.
மூன்றாவது மரியாதைக்காரன்.
நாற்பது லட்சம் வரியை ஆறு வரியாக்கிப் பணிவோடு நீட்டுவான்.
விற்க வந்த பையனுக்கு அதைவிடப் பணிவு.

எதை எறியலாம், முதலில் சொல்லுங்கள் என்றன மூன்றும்.
திரும்பத் திரும்ப வருவதை எறி என்றார் சார்.
நியாயம்தான்.
திரும்பத் திரும்ப வருவது எது என்று பார்த்தேன்.

நாளுக்குப் பதினெட்டு லட்சத்து முப்பத்தோராயிரம் தடவை:
"இங்க வந்தாச்சு."

ஆங்கில எழுத்து, பணகுடித் தமிழ்.
மூன்று வருடத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த மாதம்,
நிரல் எந்த இடத்தில் செத்து விழுகிறது என்று பிடிக்க
நான்தான் எழுதினேன்.
எடுக்க மறந்திருக்கிறேன்.
யாரிடமும் சொல்லவில்லை. முகம் கழுவிவிட்டு வந்தேன்.

அழிக்கும் முன் ஒரு சோதனை.
இருக்கன்துறைப் பக்கம் நூற்று நாற்பத்தெட்டு நின்றுபோய்
மறுநாள்தான் நமக்குத் தெரிந்ததே, ஆனி பதினேழு,
அந்த நாளின் லாகை மூன்றுக்கும் கொடுத்தேன்.
பிழை எதுவும் கிடைக்கவில்லை என்றது பெருந்தீனி.
அனைத்தும் நலம் என்றான் மரியாதைக்காரன், ஆறே வரியில்.
பொய்யில்லை.
நூற்று நாற்பத்தெட்டு குறையேதும் சொல்லவில்லை.
எதுவுமே சொல்லவில்லை.

ஓசியிடம் நானே உட்கார்ந்து எழுதிக் கேட்டேன்:
மிஷினுக்கு எத்தனை "வந்தாச்சு"?
எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது,
எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது,
எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது,
ஐயாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
பத்தால் பெருக்கி மணியாக்கினேன்.
மதியம் இரண்டு பன்னிரண்டு.
சாப்பிட்டு எல்லோருக்கும் கண் சொக்குகிற நேரத்தில்
ஓசையில்லாமல் வாயை மூடியிருக்கிறது.

படிவத்தில் "தேர்ந்தெடுத்த காரணம்" என்ற கட்டத்தில்
"எண்ணத் தெரிகிறது" என்று எழுதினேன்.
"இதுக்கா மூணு வாரம்?"
என் வரியை அழிக்கவில்லை.
பத்து நிமிடத்துக்கு ஒன்றாக்கினேன்.
ஏன் என்று சார் கேட்டால் சொல்லலாம். கேட்கவில்லை.
ஆடி பில் பாதியாக வந்தது.

வெள்ளிக்கிழமை ராத்திரி, பதினொன்றே முக்கால்.
இரண்டு மிஷின்கள் இருபது நிமிடமாக ஊமை.
முத்துச்சுடலையை பைக்கில் அனுப்பினேன்,
எது பக்கமோ அதற்கு முதலில் போ என்று.
போனில் காற்று, காற்று, காற்றுக்குள் அவன்:
"யக்கா, இங்க வந்தாச்சு."

"எதுகிட்ட நிக்க? நம்பரைச் சொல்லு."

"காத்துல ஒண்ணும் கேக்கலக்கா. வந்தாச்சு. வந்தாச்சு."