மூன்று தடவை கூவும்

பரந்தன் சந்திக் கடையில்
ஆறு மாதத் தவணைக்கு எடுத்தது.
உழவு மிசின் பெட்டியில், பழைய மெத்தைமேல் படுத்தபடி
உருத்திரபுரம் வந்து சேர்ந்தது.
"அவன் வந்திட்டுது" என்றேன்.
"எவன்?" என்றார் தவசீலன், கையில் மண்வெட்டியோடு.

முதல் இரவு அதைச் செருகவில்லை.
புத்தகத்தை வாசித்தேன்.
வாசிக்காமல் ஒன்றிலும் கை வைக்காத தொழில் என்னுடையது.
விடிய ஐந்தரைக்கு வாகனம்.
முகமாலையில் முகக்கவசம், முழந்தாள்,
சாண் சாணாகத் தரை.
ஒரு நாளைக்கு ஒரு பாய் விரிக்கிற அளவு நிலம்
எனக்குத் தெரிந்ததாகும்,
பிறகு வேறு யாருடையதோ ஆகும்.

சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வைக்கச் சொன்னது புத்தகம்.
மேலேயும் மூச்சு விட இடம்.
மேசையில் சோக்கால் கோடு கீறினேன்,
சிவப்புக் கட்டை நடாததுதான் குறை.
கோட்டுக்குள் கொப்பி வரக்கூடாது, துவாய் வரக்கூடாது,
தவசீலனின் லொத்தர்ச் சீட்டும்.
"எர்த் தேவையில்லை அக்கா" என்றான் வயர்மன் இன்பராசா.
தேத்தண்ணி கொடுத்து வாசலோடு அனுப்பினேன்.
மறுநாள் கம்பியோடு வந்தான்.

பெட்டி ஒன்று, சட்டம் இரண்டு.
மைக்றோவேவ் என்றால் உலோகம் ஆகாது:
கரண்டி, வெள்ளித்தாள்,
பொன்வரி ஓடின கலியாணக் கோப்பை,
ரீ பையின் நுனியில்
பேன் அளவில் இருக்கிற பின் கம்பிகூட.
கொன்வெக்சன் என்றால்
அதே கேக் ரின்னை வா என்கிறது, கம்பித்தட்டையும் கேட்கிறது.
நடுவில் ஒரேயொரு பட்டன்.
என் விரல் அதில் நெடுநேரம் நின்றது.

முறை மாற்றும்போதெல்லாம்
கதவைத் திறந்து உள்ளே பார்க்கிறேன்,
பார்த்ததை இன்னொருக்கால் கையால் தடவுகிறேன்.
"அங்க சம்பளத்துக்குத் தேடுறாய்,
இங்க சும்மாவே?" என்கிறார் அவர்.

ஒரு சனிக்கிழமை,
மத்தியானச் சோற்றை இரவுக்குச் சூடாக்கினேன்.
ஓரம் நெருப்பு, நடு பனி.
பாதியில் நிறுத்திக் கிளறினேன்,
கைத்தெளி தண்ணீர் விட்டு மூடினேன், இறுக்காமல்.
மூடியை எடுக்கிறபோது ஆவி அந்தப் பக்கம் போகவேண்டும்,
முகம் இந்தப் பக்கம்.
அதை மட்டும் எனக்கு ஒருவரும் சொல்லித் தரத் தேவையிருக்கவில்லை.

அப்போது கூவியது.

கரண்டி கையில்,
வலது கால் பாதி தூக்கினபடி,
நான் அப்படியே.
பதினொரு வருடம்
அந்தச் சத்தத்துக்கு இந்த உடம்பு படித்த சொல் ஒன்று: நில்.
மதுநிலா கோப்பையோடு ஓடி வந்தாள்.
அவளுக்கு அது: வா.
தூக்கின என் காலைச் சுற்றிக்கொண்டு போய்
கதவைத் திறந்தாள்.

பழகிவிட்டது என்று எழுத ஆசை.
இல்லை, முதல் கூவலுக்கு இன்னும் நிற்கிறேன்.
இரண்டாவதில் இது வீடு என்று தெரிகிறது.
மூன்றாவதில் கால் இறங்குகிறது.

கேக்குக்கு முன்சூடு நூற்றெழுபது.
பொறுக்காமல் கதவைத் திறந்தேன், நடு இறங்கிப் போனது.
அதைத்தான் வேலைத்தளத்துக்குக் கொண்டுபோனேன்.
"வடிவாத் தோண்டியிருக்கிறாய்" என்றாள் யோகமலர்.
பள்ளத்தில் இருந்துதான் சாப்பிடத் தொடங்கினார்கள்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது:
நின்ற உடனே எடுக்க வேண்டாம், இரண்டு நிமிடம் விடவும்,
நின்ற பிறகும் உள்ளே வெந்துகொண்டிருக்கும்.
தவசீலனுக்கு வாசித்துக் காட்டினேன்.
அவர் ஒன்றும் சொல்லாமல்
முற்றத்து லைற்றை நிற்பாட்டப் போனார்.

மதுநிலா நூற்றிருபதில் இருந்து பின்னால் எண்ணுகிறாள்.
பசியில் அறுபதுகளை அப்படியே பாய்ந்துவிட்டாள்,
எனக்குத் தெரியாதென்று நினைப்பு.
"எழுபதுக்குத் திரும்பிப் போ" என்கிறேன்,
"ஒன்றையும் விடாமல் வா."