சரிவில் எட்டு சென்ட்

ரப்பர் மூடுகளைப் பிழுது மாற்றிய சரிவில்
எட்டு சென்ட் வாங்கினேன், குலசேகரத்துக்கு மேற்கே.
"மேட்டு மனை சார், எந்த மழைக்கும் வெள்ளம் கட்டாது"
என்றான் புரோக்கர்.
கட்டவில்லைதான்.
கட்டாத வெள்ளம் எங்கே போகும் என்று
அவன் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

ஜேசிபி மேல்பாதியை வெட்டிக் கீழ்பாதியில் தள்ளியது.
அரை நாளில் தரை சமம்.
வெட்டின இடம் கல்லு மாதிரி,
தள்ளின இடம் அவல் மாதிரி.
இரண்டும் சேரும் இடம் பார்த்துத்
தொட்டி கட்டினார் தாசையன் மேஸ்திரி.
அதன் வாயிலிருந்து ஓட்டை போட்ட குழாய்,
நேராகக் கீழ்நோக்கி.
சல்லி, மணல், ஓலை, மேலே மண்.
"இனி இருபது வருசத்துக்குத் திறக்கண்டாம்."

இரண்டாவது இடவப்பாதியில்
சுகிர்தபாய் ஏறி வந்தாள்.
படியில் ஒரு குடத்தை வைத்தாள்.
நானே குனிந்து முகர வேண்டியிருந்தது.

"எனக்க கெணத்து வெள்ளம்.
ஒமக்க வீட்டுச் சமாச்சாரம்."

நான் பி.எஸ்சி. ஆதாரம் கேட்டேன்.
அவள் மாட்டுத்தொழுவத்தை, மேல்வீட்டுக் கோழிக்கூட்டை,
பஞ்சாயத்து ஓடையை
ஒவ்வொன்றாகக் குற்றக்கூண்டில் ஏற்றினேன்.
முழுவதும் கேட்டாள்.
பிறகு கடைக்குப் போய்
வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலம்
பத்துப் பாட்டில் வாங்கி வந்து
கம்பியால் மூடியை நெம்பித்
தொட்டிக்குள் கவிழ்த்தாள், என் கண் முன்னால்.

முதல் நாள் ஒன்றுமில்லை.
இரண்டாம் நாளும் ஒன்றுமில்லை.
கொஞ்சம் நெஞ்சு நிமிர்த்தித்தான் பால் வாங்கப் போனேன்.
மூன்றாம் இரவு
பேச்சிப்பாறைப் பக்கம் இடித்துக்கொண்டே இருந்தது.

காலையில்
என் கீழ்மதிலின் இடுக்கெல்லாம் நீலம்.
வெட்டுமண்ணும் தள்ளுமண்ணும் ஒட்டாத கோட்டில் கசிந்து
சேம்புக்கடியில் இறங்கி
அவள் கிணற்றின் மூன்றாம் உறையில்
நூல் பிடித்தாற்போல் ஒரு வரி.

அவள் சத்தம் போடவில்லை.
இடுப்பில் பால்கத்தி, நெற்றியில் அணைக்க மறந்த லைட்.
"பட்டையில நேரா கீழ கத்தி இழுத்தா
பாலு சிரட்டைக்கு வராது, மூட்டுல கொட்டும்.
படுக்கப் போட்டா ஓடாது.
சாய்ச்சு வெட்டணும்.
இந்தப் பொற்றைக்கும் பட்டைதானே இருக்கு?
ஒமக்க மேஸ்திரிக்குச் சொல்லும்."

மேஸ்திரி டியூப் மட்டம் கொண்டுவந்தார்.
சரிவுக்குக் குறுக்காகச் சுண்ணாம்புக் கோடு போட்டார்.
அறுபது அடி வேண்டும்.
முப்பத்தியிரண்டில் என் மனை முடிந்துவிட்டது.
மேற்கே வில்பிரட்டின் மதில்.
கிழக்கே சபையின் கல்லறைத் தோட்டம்.
வில்பிரட் முடியாது என்றார்.
சபைக் கமிட்டி, அடுத்த மாதம் பேசலாம் என்றது.
கடைசியில் முப்பதடிச் சால் இரண்டு,
ஒன்றுக்குக் கீழே ஒன்றாக.
குளிக்கிற வெள்ளம் வாழைக்கு.
மாடிக் கக்கூஸ் பூட்டு.

மேஸ்திரியின் கூலியை நான் கொடுத்தேன்.
பத்துப் பாட்டில் நீலத்தின் காசை
அவள் வாங்கிக்கொள்ளவில்லை;
அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இப்போது என் வீட்டிலிருந்து
இரண்டு வெள்ளம் கீழே இறங்குகிறது.
ஒன்று என் போர்வெல்லிலிருந்து
அவள் அடுக்களைக்குப் போகும் பச்சை ஹோஸில்.
மற்றது மண்ணுக்குள். எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று
மண்தான் சொல்லவேண்டும்.
ப்ளீச்சிங் பவுடர் போட்டு இறைத்தபிறகும்
அவள் அந்தக் கிணற்றில்
பாத்திரம் மட்டும்தான் கழுவுகிறாள்.

மழை விட்ட இரவு, மூன்றரை மணி.
ஃப்ளஷ்ஷில் வைத்த கை ஒரு நொடி நிற்கிறது.
ஜன்னலுக்குக் கீழே அவள் லைட்
மரம் மரமாக நகர்கிறது.

இழுக்கிறேன்.
செருப்பு மாட்டி, இறங்கிப் போய்,
மதிலைத் தொட்டுப் பார்க்கிறேன்.
ஈரம்.
விரலை முகர்கிறேன்.