இடப்பக்கமும் சுடுதோ

ஓடும்வரை ஒன்றுமில்லை.
கனகராயன்குளத்தில் மாடுகள் றோட்டைக் கடக்க
நிறுத்தினால் போதும்.
றேடியேற்றர் விசிறி உறுமிக்கொண்டு
கொதியை முழுக்க
என் வலத்தொடைக்கு ஊதும்.

மாங்குளத்தில் இன்பராசா குந்தியிருந்து பார்த்தான்.
கூலன்ற் மாற்றினான்.
சைலன்சர் வளைவுக்குத் துணி சுற்றலாம்,
மாரிக்கு ஊறி நாறும், வேண்டாம் என்றான்.
பிறகு கோழிக்கூட்டுக்கு மேய்ந்து மிஞ்சின
நிவாரணத் தகரத்தில் ஒரு சாண் வெட்டி
நெளியைத் தட்டித் தட்டி நேராக்கி
சூட்டுக்காற்று வெளியே திரும்ப
வளைத்துப் பூட்டினான்.

"இடப்பக்கமும் சுடுதோ அண்ணை?"

என்னத்தைச் சொல்ல.
அந்தக் காலுக்குக் கியர் தெரியும்.
சூடு தெரியாது,
பதினாறு வருசமாய்.

"அதுக்கும் ஒண்டு வெட்டு" என்றேன்.
"உருகினால் இன்னொரு கால் அளவெடுக்க
வவுனியாவுக்கு அலையவேணும்."
சிரிப்பதா என்று தெரியாமல்
குறட்டைத் தேடினான்.

ஒட்டுசுட்டான் றோட்டில் திரும்பவும் மாடுகள்.
ஒரு கன்று நடுவில் நின்று யோசித்தது.
விசிறி உறுமியது.
வலக்கால் சும்மா இருந்தது.

குனிந்து
புறங்கையால் இடக்காலைத் தொட்டேன்,
காய்ச்சல் பார்க்கிறமாதிரி.