நாற்பத்தேழு விநாடி

ஞாயிறு ஆறரைக்கு
சுங்கை கெலிசா பட்டணத்தில்
கொக் வாய் கடைமுன் சேருவோம்.
டயருக்குக் காற்றடித்துக் காசு வாங்கமாட்டார்.
என் பிரேக்கைப் பார்த்து மட்டும்
நாக்கைச் சப்புக்கொட்டுவார்.
தாதி யோகமலர் இரவு வேலை முடித்து
வெள்ளைக் காலணியோடே வந்திருப்பாள்.
ஹாசிக்கின் கைப்பிடியில்
நான்கு பொட்டலம் நாசி லெமாக் ஆடும்.

முதல் மூன்று கிலோமீட்டர் தோட்டத்துச் செம்மண்.
இருபுறமும் செம்பனை, வெட்டிப்போட்ட மட்டை.
மட்டையின் முள் டயரில் இறங்கினால்
சத்தமே வராது.
நூறு மீட்டர் கழித்துத்தான்
வண்டி தன் பாட்டுக்குத் தள்ளாடும்.
குலை இழுக்கும் வங்காளதேசத்துப் பையன்கள்
ஆரம்பத்தில் முறைத்தார்கள்.
இப்போது எங்கே குழி, எங்கே பாம்பு என்று
கையாலேயே சொல்லிவிடுகிறார்கள்.

அதற்கப்புறம் யாரும் சீவாத பால்மரக் காடு.
காய் வெடிக்கும் மாதத்தில்
ஹெல்மெட்டின்மேல் டக்கென்று விழும் விதை.
யோகமலர் ஒவ்வொரு முறையும் திட்டுவாள்,
மரத்தை அல்ல,
முன்னால் போகும் என்னை.

பிறகு கல்லுமலை.
மெல்ல மெல்ல எழும் மலை இல்லை இது.
ஈறே இல்லாமல்
சமதரையில் முளைத்த கடைவாய்ப்பல்.
அதன் இடுப்பைச் சுற்றிக் காட்டுப்பன்றி போட்ட தடத்தை
நாங்கள் கொஞ்சம் அகலமாக்கினோம்.
மழை பெய்தால் சுண்ணாம்புக் கல் சவர்க்காரம்.
சிறிய கியர், குனிந்த முதுகு,
கெண்டைக்காலில் எப்போது ஏறியதென்று தெரியாத அட்டை.
குகை வாயைக் கடக்கையில் வௌவால் நாற்றம்;
மூச்சை அடக்கவும் முடியாது,
ஏற்றம்.

உச்சிக்கணவாயில் பசியாறுவோம்.
வானம் தெளிந்தால் கடல் தெரியும் என்பான் ஹாசிக்.
இரண்டு வருடமாகத் தெரிவது
எண்ணெய் ஆலையின் புகை.

திங்கள் முதல் சனி வரை
இதே மலைக்குப் பின்பக்கமாகப் போகிறேன்.
லாரியில்.
ஒரு நாளைக்கு ஆறு நடை.
சிமெண்டுக்குக் கொஞ்சம், பெயிண்டுக்குக் கொஞ்சம்,
பற்பசைக்கும் போகிறதாம் பொடி.
காலையில் என் மகள் வாய் கொப்பளித்துத் துப்ப,
கழிவறைக் குழாய் வழியே
ஒரு சிட்டிகை மலை இறங்குகிறது.
பள்ளிக்கு நேரமாச்சு என்கிறேன்.

போன ஞாயிறு உச்சியில்
கைப்பேசி மணியடித்தது.
வாழ்த்துகள், புதிய சாதனை,
பழைய நேரத்தைவிட நாற்பத்தேழு விநாடி குறைவு.
நாற்பத்தாறு வயசிலயா என்று கொக் வாய் சிரித்தார்.
யோகமலர் முதுகில் ஓர் அடி வைத்தாள்.
எனக்கும் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது,
பொய் சொல்வானேன்.

ஹாசிக்தான் கீழே எட்டிப் பார்த்தான்.
கடைசி வளைவைக் காணோம்.
எருமை முதுகுபோல் ஒரு பாறை இருக்குமே,
நாங்கள் எல்லோரும் ஒரு தடவையாவது விழுந்த இடம்,
அதில் இப்போது சிவப்பு நாடா,
நாடாவுக்கு அப்பால் காற்று.
தடம் குறுக்கே வெட்டி நேராக ஏறியிருந்தது.
மூச்சு வாங்கியதில்
யாருமே கவனிக்கவில்லை.

புதன்கிழமை, நாலாவது நடை, என்றேன்.
எடைமேடையில் முப்பத்தொரு டன் காட்டியது.
அந்தப் பாறையின் கருப்புக் கோடு
கண்ணாடியில் தெரிந்தது.
தார்ப்பாய் போட்டு மூடினேன்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
ஹாசிக் நெத்திலியை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தான்.
யோகமலர் மிச்சச் சாம்பலை எனக்குத் தள்ளி,
அப்போ அடுத்த மாசம்
இன்னும் சீக்கிரம் ஏறிடுவோம், என்றாள்.
கேலியா என்று பார்த்தேன்.
தூக்கக் கண்.
ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

சாதனையைச் சேமிக்கவா, நீக்கவா
என்று கைப்பேசி இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.
விரல் வைக்காமல் பையில் போட்டேன்.
நான்கு வண்டியின் டயரும் வெள்ளை,
என் லாரியின் பத்து டயரைப் போல.

இறங்கத் தொடங்கினோம்.
முதல் திருப்பத்திலேயே
என் பிரேக் கத்தியது,
காடு முழுக்கக் கேட்கும்படி.
பின்னாலிருந்து கொக் வாய்:
நான்தான் சொன்னேனே.