கணக்கில் வராத பின்

தண்டையார்பேட்டைப் பழைய கிடங்கில்
இப்போது பௌலிங்.
வாடகை ஷூவுக்குள்
யாருடைய சூடோ இன்னும் இருக்கிறது.

சுவரில் வால்வு ரேடியோ, அலங்காரத்துக்கு.
"எங்க வீட்ல இது இன்னும் பாடுதுடா"
என்கிறான் தேசப்பன்,
மீசையில் பீர் நுரை.
மெனுவில் எல்லாம் பைசாக் கணக்கு,
பில்லில் மட்டும் இந்த வருஷம்.

துறைமுகத்தில்
நாற்பதடிப் பெட்டியை முட்டைபோல் இறக்குகிற சுகிர்தா
மூன்று பந்தையும்
ஓரச் சாக்கடையில் விட்டாள்.

நாலாவதில் ஒன்பது சாய்ந்தன.
பத்தாவது ஆடியது,
ஆடி
நின்றுவிட்டது.
பக்கத்து மேசையில் இறால் வறுவல்
வாய்க்குப் போகாமல் காத்திருந்தது.

வெளியே
எண்ணூர் போகும் கன்டெய்னர் லாரி
தரையை உலுக்கிப் போக,
விழுந்தது.

"அது சேராது மேடம்" என்றான் கவுன்ட்டர் பையன்.
எழுந்தாள் சுகிர்தா,
ஒரு காலில் மட்டும் ஷூவோடு.